அரை கிலோ அவரைக்காய்

என் நாத்தனாருக்கு ‘லென்ஸ்’னு பேர் வச்சது நான்தான். சும்மா வாய்க்கு வந்த பேர். வீட்டுக்குள்ள ஒட்டிக்கிச்சு, அப்புறம் தெருவுக்குப் போச்சு, கடைசியில தபால்காரரே “லென்ஸ் அம்மாவுக்கு ஒரு கடுதாசி”ன்னு கூப்பிடற அளவுக்கு வந்துடுச்சு. அவ கோவிச்சுக்கவே இல்லை. கோவம்ங்கிற பொருளை ஆண்டவன் அவளுக்கு வைக்க மறந்துட்டான்னு நான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இருபத்தாறு வருஷம் ஒரு பொம்பளைப் பிள்ளைங்க ஸ்கூல்ல சயின்ஸ் லேப் உதவியாளரா இருந்தவ. உதவியாளர்னதும் பெரிசா நினைச்சுடாதீங்க. கண்ணாடிக் குழாய் கழுவணும், மேஜை துடைக்கணும், பிள்ளைங்க உடைச்சதுக்கு இவ திட்டு வாங்கணும். ஸ்கூலை இழுத்து மூடினப்ப அந்த லேப்ல கிடந்த ஒரு பழைய பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கிட்டா. அதை ஒரு ஷூ கயித்துல கோத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டு, ரெண்டு பெட்டியோட எங்க வாசல்ல வந்து நின்னா. வயசு ஐம்பத்தொண்ணு. நகை இல்லை, நட்டு இல்லை, கழுத்துல அந்தக் கண்ணாடி மட்டும்தான்.

ஏன் கல்யாணம் ஆகலைன்னு கேப்பீங்க. என் மாமியார் பதினோரு வருஷம் படுத்த படுக்கை. மலம் மூத்திரம் எல்லாம் இவதான் எடுத்தா. ரெண்டு தடவை நல்ல இடம் வந்துச்சு. ரெண்டு தடவையும், “இவ போயிட்டா அத்தையை யார் பார்த்துக்கிறது?”ன்னு கேட்டது நான்தான். அதோட பேச்சு நின்னுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் திரும்பி வரலை. நான் மறைக்கல. என் இடத்துல நீங்க இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பீங்க, வாயால இல்லாட்டியும் மனசால.

மாடியில தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு ரூம் இருந்துச்சு. தகரக் கூரை. உச்சி வெயில்ல உள்ள போனா மண்டை வெந்துடும். அதை அவளுக்குக் குடுத்தோம். அவ என்னமோ அரண்மனை கிடைச்ச மாதிரி சந்தோஷப்பட்டா. “அண்ணி, இவ்வளவு வெயில் சும்மா கிடக்குதே!”ன்னா. எங்களுக்கு எரிச்சலா இருந்த வெயில் அவளுக்குச் சொத்தாத் தெரிஞ்சுச்சு.

ஆறே மாசம். பெயிண்டு வாளி, உடைஞ்ச வாஷ்பேசின், பாதியா அறுத்த தண்ணிக் கேன், அரிசிச் சாக்குன்னு தெருவுல யார் எதைத் தூக்கிப் போட்டாலும் மாடிக்குப் போயிடும். கத்தரி, வெண்டை, செடி அவரை, தக்காளி, கீரை. கொடிக்குக் கம்பி கட்டிப் புடலை, சுரை. என் வீட்டு மொட்டை மாடியில எனக்குத் துணி காயப்போட இடமில்லை.

அவ வேலை செய்யற அழகைப் பாக்கணுமே! காலையில ஆறு மணிக்கு முதல் வாளியில ஆரம்பிப்பா. ஒவ்வொரு இலையையும் திருப்பி, கண்ணாடி வச்சு அடிப்பக்கம் பார்ப்பா. கையில ஒரு பழைய பெயிண்டு பிரஷ், பக்கத்துல சோப்புத் தண்ணி மக். தின்னுற பூச்சியா இருந்தா பிரஷ்ஷால தட்டி மக்குல தள்ளுவா. மத்ததை விட்டுடுவா. கத்தரிக்கொழுந்து வாடியிருந்தா உள்ள புழு இருக்குன்னு அர்த்தமாம், அந்த நுனியை மட்டும் கிள்ளி எடுத்து நசுக்குவா. மருந்துக் கடைப் பக்கமே போனதில்லை. மூலையில ஒரு கத்தரிச் செடியைப் பூச்சிக்குன்னே விட்டிருந்தா. அதுல மட்டும் கை வைக்க மாட்டா. “அங்க தின்னா இங்க வராது அண்ணி”ன்னா. எங்க வீட்டுல பூச்சிக்குக்கூடத் தனிப் பந்தி! நான் அதைச் சொல்லிச் சொல்லித் தெருவையே சிரிக்க வச்சேன்.

இப்ப என் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும். பஸ் டிப்போவுல டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புச்சு, எத்தனை நிமிஷம் லேட்டா வந்துச்சுன்னு எழுதறதுதான் வேலை. லேட்டா வந்த டிரைவர், “அம்மா செத்துப் போச்சு சார்”னு அழுதாக்கூட, முதல்ல லேட்டை எழுதிட்டுத்தான் துக்கம் விசாரிப்பார். தங்கச்சி மேல பாசம் இல்லாம இல்லை. ஐம்பது வயசுக்கு மேலயும் “பாப்பா”ன்னுதான் கூப்பிடுவார். ஆனா சொன்னா சொன்னதுதான்.

ஒருநாள் மத்தியானம் நாலு பேரும் சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். நான், இவர், லென்ஸ், எங்க மகன். மேலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி இவர் தட்டுல விழுந்துச்சு. நிமிர்ந்து பார்த்தா கூரையில பாய் அகலத்துக்கு ஈரம். மாடி வாளிங்க கசிஞ்சு இறங்கியிருக்கு.

“பாப்பா, மாடியைக் காலி பண்ணிடு”ன்னார் இவர்.

அவ கையில சோறு அப்படியே நின்னுச்சு. “அண்ணா, எல்லா வாளியையும் செங்கல் மேல தூக்கி வச்சுடறேன். கீழ தார்ப்பாய் விரிச்சுடறேன். ஒரு சொட்டு இறங்காது.”

எனக்கு அன்னிக்கு வாய் சும்மா இருக்கல. “செடியை மட்டும் காலி பண்ணினா எப்படி? ஊருக்கு வெளியில பெண்கள் இல்லம் ஒண்ணு இருக்காம். உன் வயசுக்காரங்க நிறையப் பேராம். பேச்சுத்துணை கிடைக்கும்”னேன். தமாஷாதான் சொன்னேன். பாதி தமாஷ்.

அவ முகம் வெளுத்துப் போச்சு. “நான் சும்மா இருந்து சாப்பிடல அண்ணி. இந்த வீட்டுக்கு வேண்டிய காய் முழுக்க நான் தர்றேன். என்னை இங்கயே இருக்க விடுங்க”ன்னா.

“ஓகோ! முழுக்கவா?”ன்னு நான் பிடிச்சுக்கிட்டேன். “சரி, மூணு மாசம் ஓட்டிக் காட்டு. கடைக்காய் ஒண்ணுகூட வீட்டு வாசப்படி ஏறக்கூடாது. ஏறினா அன்னிக்கே உன் பெட்டியைக் கட்டணும். சம்மதமா?”

விளையாட்டுக்குன்னு ஆரம்பிச்சதை இவர் சட்டமாக்கிட்டார். எழுந்து கையைக் கழுவிட்டு வந்து, காலண்டர்ல அன்னிக்குத் தேதியில ஒண்ணுன்னு எழுதினார். “தொண்ணூறு நாள். வெங்காயமும் உருளைக்கிழங்கும் கணக்குல வராது, அது மாடியில வராது. மத்தபடி எந்தக் காய் கடையிலேர்ந்து வந்தாலும் முடிஞ்சது. தொண்ணூறு தாண்டிட்டா அந்த ரூம் ஆயுசுக்கும் உனக்கு. அப்புறம் யாரும் பேசக்கூடாது”ன்னு என்னையும் பார்த்துச் சொன்னார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்க. டைம் கீப்பர் சதை ஆடவே இல்லை.

“சரிண்ணா”ன்னா அவ. அவ்வளவுதான்.

சும்மா சொல்லக்கூடாது, ஓட்டினா. வாளி எல்லாம் செங்கல் மேல ஏறுச்சு, கூரை காஞ்சுச்சு. தினம் காலையில ஏழரைக்கு ஒரு முறத்துல காயோட சமையல்கட்டுக்கு வந்து நிப்பா. திங்கள் கத்தரி, செவ்வாய் கீரை, புதன் சுரை, வியாழன் மறுபடியும் கத்தரி. “கத்தரிக்காயாப் பிறந்திருந்தாக்கூட இந்த வீட்டுல எனக்கு மரியாதை இருந்திருக்கும்”னான் என் மகன். இவர் வேலைக்குக் கிளம்பறப்ப காலண்டர்ல அன்னிய நம்பரை எழுதிட்டுப் போவார். முப்பது ஆச்சு. நாப்பது ஆச்சு. தோத்துடுவான்னு நினைச்ச எனக்கு உள்ளுக்குள்ள புகைஞ்சுச்சு.

நாப்பத்தஞ்சாவது நாள் நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு பிசகிடுச்சு. டாக்டர் பட்டையா ஒரு துணிக்கட்டுப் போட்டு, ரெண்டு வேளையும் அவிழ்த்து எண்ணெய் தடவித் திரும்பக் கட்டணும்னார். யார் செய்வா? என் மகன் எட்டிப் பார்த்து “வலிக்குதாம்மா?”ன்னு கேட்டுட்டு மொபைலோட போயிட்டான். இவர் டிப்போவுக்கு லேட்டாகுதுன்னு ஓடிட்டார். அவதான் வந்தா. கட்டைக் கட்டினா, தலை சீவினா, ஜாக்கெட் கொக்கி மாட்டினா. பாத்திரம் கழுவினா. நடுவுல மாடிக்கும் ஓடினா. ஒருநாளும், “அன்னிக்கு என்னை இல்லத்துக்குப் போன்னு சொன்னீங்களே”ன்னு ஒரு வார்த்தை வரலை. என் அம்மாவுக்கு அப்புறம் என் தலையை அவ்வளவு வலிக்காம யாரும் சீவினதில்லை.

ஐம்பத்தெட்டாவது நாள். சாப்பிடறப்ப அவளா ஆரம்பிச்சா. “அண்ணி, அவரையில அசுவினிப் பூச்சி வந்திருக்கு. கடுகைக் கொட்டின மாதிரி கறுப்பா அப்பிக்கிடக்கு. ஆனா பயமில்லை, காவல்காரங்க வந்துட்டாங்க.”

“எந்த ஸ்டேஷன்லேர்ந்து?”ன்னேன். எல்லாரும் சிரிச்சோம். அவளும் சிரிச்சா.

“இல்ல அண்ணி, பொறிவண்டு இருக்குல்ல, சிவப்பா, முதுகுல புள்ளி வச்சு? அதோட குஞ்சுங்க. நூத்துக்கணக்குல பொரிச்சிருக்கு. ஒரு குஞ்சு ஒரு நாளைக்கு அம்பது அசுவினி தின்னும். வேப்பெண்ணெய் அடிச்சா அதுங்களும் செத்துடும்னு நான் எதுவுமே அடிக்கல. பன்னிரண்டு நாள் விட்டாப் போதும், சுத்தமாக்கிடும். அந்தக் குஞ்சு பார்க்க எப்படி இருக்கும்னா…”

“சோறு திங்கற இடத்துல பூச்சி குடும்பக் கதை வேணாம் தாயே!”ன்னு கும்பிட்டேன். அவ வாயை மூடிக்கிட்டா. இன்னும் ஒரே ஒரு வாக்கியம் அவளைப் பேச விட்டிருந்தேன்னா இந்தக் கதையே கிடையாது.

நாலு நாள் போச்சு. கொஞ்ச நாளா அவளுக்குக் கண் மங்கலாத் தெரிஞ்சதால, அறுபத்தி ரெண்டாவது நாள் கண் ஆஸ்பத்திரியில சீட்டு போட்டிருந்துச்சு. இவர் லீவு போட்டுட்டுக் காலையிலேயே கூட்டிக்கிட்டுப் போனார். மகன் வேலைக்குப் போயிட்டான். வீட்டுல நான் மட்டும். கிளம்பறதுக்கு முன்னாடியும் என் கையைப் பிடிச்சு கட்டுப் போட்டுட்டுத்தான் போனா.

உட்கார்ந்திருந்தவளுக்கு என்னமோ போல ஆயிடுச்சு. இவளுக்கு நான் இத்தனை வருஷத்துல ஒண்ணுமே செஞ்சதில்லையேன்னு தோணுச்சு. சத்தியமாத் தோணுச்சு. இன்னிக்கு ஒருநாள் அவ வேலையை நான் பார்த்துக் குடுத்தா என்னன்னு மாடிப்படி ஏறினேன். முட்டி வலிக்க வலிக்க ஏறினேன்.

அவரைச் செடிங்க பக்கம் போனவ அரண்டு போயிட்டேன். கொழுந்துல கறுப்புப் பொடி அப்பிக்கிடக்கு, அதுகூட எனக்குச் சரியாத் தெரியல. தெரிஞ்சதெல்லாம் அதுங்க மேல ஊர்ற புழுக்கள்தான். கறுப்பா, முள்ளு முள்ளா, ஆரஞ்சு திட்டோட, ஆறு காலை வச்சுக்கிட்டு சின்ன முதலை மாதிரி. ‘அடிப்பாவி, கண்ணு மங்கிப் போய் இத்தனை புழுவைக் கவனிக்காம விட்டுட்டாளே, அவரை முழுக்கப் போயிடுமே, இவ தோத்துடுவாளே’ன்னு எனக்குப் பதறுச்சு. அந்த நிமிஷம் அவ ஜெயிக்கணும்னுதான் நினைச்சேன். யார் நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி.

அவ பிரஷ் எடுத்தேன், மக்குல சோப்புத் தண்ணி கலக்கினேன். கட்டுப் போட்ட கையால கிளையைப் பிடிச்சு வளைச்சு, மத்த கையால ஒண்ணொண்ணாத் தட்டினேன். பிரஷ்ஷுக்கு வராததை விரலால கிள்ளிப் போட்டேன். தொட்டா மஞ்சளா ஏதோ கக்குச்சு. நாத்தம் வேற. நூத்து நாப்பது வரைக்கும் எண்ணினேன், அப்புறம் எண்ணல. வெயில் மண்டையைப் பிளந்துச்சு. ரெண்டு மணி நேரம். இலைக்கு அடியில மஞ்ச மஞ்சளா முட்டைக் கூட்டம் இருந்துச்சு, அதையும் விடாம நசுக்கித் துடைச்சேன். வேலையை அரைகுறையா விடறது எனக்குப் பிடிக்காது.

சாயங்காலம் அவ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தா. கண்ணுல ஊத்தின மருந்துல எதுவும் தெரியல, நாளைக்குத்தான் தெளியும்னாங்களாம். போய்ப் படுத்துட்டா. நாளைக்குப் பார்த்துட்டு ஓடி வந்து என்னைக் கட்டிக்கப் போறான்னு நினைச்சுக்கிட்டே நான் அன்னிக்குச் சமைச்சேன்.

மறுநாள் காலையில வந்தா. முறத்துல நாலு கத்தரிக்காய். முகத்துல ரத்தமே இல்லை. “அண்ணி, நேத்து மாடிக்கு யாராவது போனாங்களா?”

‘நான்தான்’னு சொல்ல வாயைத் திறந்துட்டேன். சிரிக்கக்கூட ஆரம்பிச்சுட்டேன்.

“என் காவல்காரங்க ஒருத்தரையும் காணோம் அண்ணி. ஒரு குஞ்சு இல்லை. முட்டைகூட இல்லை. அசுவினி மட்டும் அப்படியே இருக்கு.”

“குஞ்சுன்னா… சிவப்பா, புள்ளி வச்சு இருக்கும்னியே?”

“அது வளர்ந்த வண்டு அண்ணி. குஞ்சு கறுப்பா, முள்ளா, முதலைக்குட்டி மாதிரி இருக்கும்.”

அப்ப நான் மக்குல தள்ளினது பூரா அதுங்களைத்தான். பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காப் போச்சு. அந்த இடத்துல ஒரே ஒரு வார்த்தை போதும். “தெரியாம பண்ணிட்டேன்மா.” அவ ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டா. ஆனா இருபத்தெட்டு வருஷமா அவளை முட்டாள்னு சிரிச்சவ நான். அவ முன்னாடி முட்டாளா நிக்க என் நாக்கு ஒத்துக்கலை.

“காக்கா வந்து தின்னிருக்கும்”னேன்.

“காக்கா தொடாது அண்ணி. தொட்டா மஞ்சளாக் கக்கும். கசப்பு. எதுவும் வாயில வைக்காது”ன்னா. அப்புறம் முறத்தைக் கீழே வச்சுட்டு, வழக்கம் போல, “கையைக் குடுங்க, கட்டை மாத்திடறேன்”னா.

குடுத்தேன். என்ன சொல்லி மறுக்கிறது? அவ சுத்துச் சுத்தா அவிழ்த்தா. வெள்ளைத் துணி பூரா மஞ்சள் பொட்டு. நான் அதைப் பார்த்திருந்தேன், ஆனா அது என்னன்னு அது வரைக்கும் எனக்கு உறைக்கலை. அவ துணியை மூக்குக்கிட்டக் கொண்டு போனா. கழுத்துல தொங்கின கண்ணாடியை எடுக்கவே இல்லை. அதுக்குத் தேவையும் இல்லை.

நிமிர்ந்து என்னைப் பார்ப்பான்னு நினைச்சேன். பார்க்கல. எண்ணெயைச் சூடு பண்ணித் தடவினா, வேற துணி எடுத்து, எப்பவும் போல வலிக்காம கட்டினா. அந்தத் துணியைத் துவைச்சு மாடியில காயப் போட்டா.

அன்னிக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். “என்ன பாப்பா, அவரை எப்படி இருக்கு?”ன்னு இவர் கேட்டார். நான் அவளையே பார்த்தேன். “கொஞ்சம் சரியில்லண்ணா”ன்னா. அதோட நிறுத்திட்டா. மறுநாளும் சொல்லல. அதுக்கு மறுநாளும் சொல்லல. சொல்லித் தொலைச்சிருந்தா, “ஆமா, தெரியாமத்தான் செஞ்சேன், இப்ப என்ன?”ன்னு ஒரு சண்டை போட்டு முடிச்சிருப்பேன். அவ சொல்லாம இருக்க இருக்க எனக்கு அவமேலதான் கோவம் வந்துச்சு. நான் அவளுக்குக் கடன்பட்டவ மாதிரி அவ முன்னாடி தினம் கையை நீட்ட வேண்டியிருந்துச்சு.

அப்பதான் என் மகனுக்கு அந்தச் சம்பந்தம் வந்துச்சு. நல்ல இடம். பொண்ணோட அம்மா போன்ல முதல் கேள்வியே, “பிள்ளைங்களுக்குத் தனி ரூம் இருக்கா?”ன்னுதான் கேட்டாங்க. எங்க வீட்டுல கீழ ரெண்டே ரூம். “மாடியில இருக்கு, காத்தோட்டமா”ன்னு சொல்லிட்டேன். போனை வச்சப்புறம்தான் யோசிச்சேன், அதுல ஆள் இருக்கேன்னு. அந்த நிமிஷத்துலேர்ந்து உண்மையைச் சொல்லணும்ங்கிற அரிப்பு எனக்கு விட்டுப் போச்சு. இப்படித்தான் ஆகணும்னு இருந்தா நான் என்ன பண்றதுன்னு மனசு நல்லாச் சமாதானம் சொல்லிக்கிச்சு.

அவ விடலை. வேப்பெண்ணெயில சோப்புக் கலந்து அடிச்சா, சாம்பல் தூவினா, தண்ணியைப் பீச்சி இலை இலையாக் கழுவினா. மருந்து போட்டும் கண் முழுசாத் தெளியலை. கண்ணாடியைக் கண்ணோட ஒட்டி வச்சுக்கிட்டு வெயில்ல குந்தியிருப்பா. ஆனா அதுக்குள்ள அசுவினி அவரையிலேர்ந்து வெண்டைக்குத் தாவி, இலையெல்லாம் சுருண்டு போச்சு. இலைச்சுருட்டை வந்துட்டா வைத்தியம் கிடையாதாம், பிடுங்கறது ஒண்ணுதான் வழியாம். எழுபத்தி ரெண்டாவது நாள் ஒவ்வொண்ணாப் பிடுங்கிச் சாக்குல போட்டு வாயைக் கட்டினா. பதினெட்டு வாளி. நான் படிக்கட்டுல நின்னு பார்த்தேன். அழுவான்னு பார்த்தேன். அழலை.

அதுக்கப்புறம் முறத்துல வந்ததைக் காய்னே சொல்ல முடியாது. சுரைக்கொடி கொழுந்து, முள்ளங்கி இலை, கத்தரி ரெண்டு மூணு. ஒருநாள் வாளியில தானா முளைச்ச களைக்கீரை. “மாட்டுக்குப் போடறதை எல்லாம் எனக்குப் போடாதீங்க அத்தை”ன்னான் என் மகன். “இன்னும் பதினஞ்சு நாள்தாம்பா”ன்னா. என்கிட்ட தனியா வந்து, “அண்ணி, உருளைக்கிழங்கு கணக்குல வராதுன்னு அண்ணன் சொல்லியிருக்கார்ல? உருளையும் கீரையுமா வச்சுப் பதினஞ்சு நாள் தாட்டிடலாம். ஒத்தாசை பண்ணுங்க”ன்னா. வாழ்க்கையில அவ என்கிட்ட வாய்விட்டுக் கேட்டது அந்த ஒண்ணுதான். நான் தலையை ஆட்டினேன்.

எண்பதாவது நாள் பொண்ணு வீட்டுக்காரங்க எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றதா இருந்துச்சு. அவ முதல் நாளே யோசிச்சு வச்சிருந்தா. உருளைக்கிழங்கு வறுவல், கீரை, கடைசியா கொடியில காப்பாத்தி வச்சிருந்த ஒரு சுரைக்காய். போதும். தாராளமாப் போதும். உருளைக்கிழங்கு மட்டும் வீட்டுல ரெண்டு கிலோ கிடந்துச்சு.

என் கை அதுக்குள்ள சரியாயிடுச்சு. பையை எடுத்துக்கிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். எதுவும் யோசிக்கல, யோசிச்சா கால் நின்னுடும்னு வேகமா நடந்தேன். தள்ளுவண்டியில அவரைக்காய் இருந்துச்சு, பிஞ்சா, பச்சைப் பசேல்னு. வேற காயும் இருந்துச்சு. என் கை அதுக்குத்தான் போச்சு. “அரை கிலோ”ன்னேன்.

இவர் அன்னிக்கு வீட்டுலதான் இருந்தார். பையோட உள்ள வந்தேன். இவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏன் வாங்கினேன்னு கேட்கலை. காலண்டர்கிட்டப் போய் நின்னு, “பாப்பா”ன்னார். “எண்பது.”

அவ சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. கையில அந்தச் சுரைக்காய். வாங்கினது அண்ணிதானே, நான் இல்லையேன்னு கேட்டிருக்கலாம். நியாயம்தான். எந்தக் காய் வந்தாலும்னுதானே இவர் சொன்னார், யார் வாங்கினாலும்னு சொல்லலையேன்னு சட்டம் பேசியிருக்கலாம். பேசல. “சரிண்ணா”ன்னா. கிட்ட வந்து என் கையிலேர்ந்து பையை வாங்கினா. விருந்தாளிங்க வர்ற நேரமாச்சேன்னு உட்கார்ந்து அந்த அவரைக்காயை நார் உரிச்சு நறுக்கினதும் அவதான்.

பொண்ணோட அம்மா ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. “உங்க மாடியில விளைஞ்சதா? அதானே பார்த்தேன். கடைக்காய்ல இந்த ருசி வருமா?”ன்னாங்க.

“எல்லாம் எங்க நாத்தனார் கைப்பக்குவம்”னேன். எனக்கே நம்ப முடியல, அப்படிச் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். லென்ஸ் அவங்க தட்டுல இன்னொரு கரண்டி போட்டா.

ஞாயித்துக்கிழமை கிளம்பினா. இல்லத்துல ஒரு பெட்டிக்குத்தான் இடமாம், அதனால ரெண்டு பெட்டியை ஒண்ணாக்கினா. தொட்டி ஏதாவது கொண்டு வரலாமான்னு கேட்டாளாம். முற்றம் பூரா சிமெண்டு, தரை ஈரமாகும், கூடாதுன்னுட்டாங்களாம். இவர் ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்குப் போயிருந்தார். வாசல்ல அவளும் நானும் மட்டும். பேசாம இருந்திருக்கலாம் நான். இந்தப் பாழாப்போன வாய் இருக்கே.

“அந்தப் புழுவை எடுத்தது நான்தான்னு உனக்குத் தெரியும்ல?”னேன்.

“தெரியும் அண்ணி.”

“தெரியாமத்தான் செஞ்சேன். உனக்கு நல்லது பண்றதா நினைச்சுத்தான் செஞ்சேன்.”

“அதுவும் தெரியும். கெடுக்கணும்னு நினைச்சிருந்தா வெயில்ல நின்னு ஒண்ணொண்ணாக் கிள்ளியிருக்க மாட்டீங்க, கொஞ்சம் மருந்தை ஊத்தியிருப்பீங்க.” சொல்லிட்டு லேசாச் சிரிச்சா.

எனக்குப் பொறுக்கல. “அப்ப ஏண்டி உங்க அண்ணன்கிட்ட சொல்லல? சொல்லியிருந்தா அவர் நாளையாவது கூட்டிக் குடுத்திருப்பார்ல? இருபது நாளா என்னை நெருப்பு மேல நிக்க வச்சியே!”

ஆட்டோ திரும்பற சத்தம் கேட்டுச்சு. அவ பெட்டியைத் தூக்கிக்கிட்டா.

“சொன்னா நீங்க இல்லைன்னு சொல்லியிருப்பீங்க. அண்ணன் உங்களைத்தான் நம்பியிருப்பார். தோத்துட்டுப் போறது எனக்குப் பழக்கம்தான் அண்ணி. பொய்க்காரின்னு பேர் வாங்கிக்கிட்டுப் போக இஷ்டமில்லை”ன்னா.

ஏறிப் போயிட்டா. திரும்பிப் பார்க்கல. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், வாசக் கதவை அறைஞ்சு சாத்தினேன். என்னைப் பார்த்து என்ன பேச்சுப் பேசிட்டுப் போறா! அவளைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கணும்னு உடம்பு துடிச்சுச்சு. ஆனா கேட்கறதுக்கு ஒண்ணும் இல்லை. அவ சொன்னதுல ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். இவர் இன்னிக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.